தேக்சா திறக்கும் நேரம்

வேலூரில் ஒரே பிரியாணிக்கடையைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கலாம். "மெட்ராஸ்லகூட இந்த மாதிரி கிடையாது" என்பார் ஒருவர். "சாதம் கொழகொழன்னு, கறி ரப்பர்" என்பார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பார், மற்றவர் மூன்றே காலுக்கு. எந்தக் கடை என்று விசாரிக்கிற நாம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை. ஹோட்டலில் ஏமாறுவதற்குப் பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பிரியாணியிலிருந்தே தொடங்குவோம். வட ஆற்காட்டில் வேறு எதிலிருந்து தொடங்குவது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் எல்லாம் ஒரே கைப்பக்குவத்தின் ஊர்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயின, மேல்விஷாரம் ராணிப்பேட்டை பக்கம் போனது. சமையல்கட்டில் அந்தப் பிரிவினை இன்னும் அமலுக்கு வரவில்லை.

கிலோவுக்குக் கிலோ என்பது இங்கே கணக்கு. ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி. அதற்கு அரைக் கிலோ வெங்காயம், ஏறக்குறைய அதே அளவு தக்காளி, இஞ்சியும் பூண்டும் தலா 100 கிராம், 200 மில்லி தயிர், கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய், ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி கொத்தமல்லி. பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு வாசனைச் சாமான் முடிந்தது. மிளகாய்த்தூள் போடுவதில்லை. காய்ந்த மிளகாய் பதினைந்து இருபதை விதை உதிர்த்து, வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்துச் சேர்ப்பார்கள். நிறம், காரம் இரண்டும் அதிலிருந்து வருபவை. மல்லித்தூள், மஞ்சள்தூள், கரம் மசாலா எதுவும் இல்லாததால் தப்பை மறைக்க இடமில்லாத சமையல் இது. விழுதின் பச்சை வாசம் போகுமுன் கறியைப் போட்டுவிட்டால் அந்த வாசம் கடைசி வாய் வரை கூடவே வரும்.

அரிசிதான் இன்னும் ஆபத்து. சீரகச் சம்பா பொடி அரிசி, தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் ஊறினால் கொதியில் உடையும். உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் போதும். பிறகு ஒரு பருக்கையை விரலிடையில் நசுக்கிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தென்பட்டால் அந்த நொடியே வடிக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் தம்மில் குழையும், முந்தினால் பல்லில் கடிபடும். வடித்த சாதத்தைக் கறி மசாலாவில் கொட்டி, மூடி, அடியிலிருந்து விறகை இழுத்துவிட்டு, மூடி மேல் கங்கு அள்ளிப் போட்டு இருபது இருபத்தைந்து நிமிடம் தம். வீட்டில் ஒரு கிலோவுக்கு இதைச் செய்வது வேறு, கடையில் இருபது கிலோவுக்குச் செய்வது வேறு. அத்தனை அரிசியை வடிப்பதற்குள்ளேயே நாலைந்து நிமிடம் ஓடிவிடும். முதல் ஜல்லடையில் விழுந்த சாதமும் கடைசியில் விழுந்ததும் ஒரே பதத்தில் இருக்காது. அதனால் கைதேர்ந்த மாஸ்டர் முதல் வடியலைக் கொஞ்சம் பச்சையாகவே எடுத்து அடியில் போடுவார். அடியில்தானே சூடும் ஈரமும் அதிகம், அங்கே அது வெந்துகொள்ளும்.

கேஸ் அடுப்பு வந்த பிறகு புதிதாக ஒரு கோளாறு சேர்ந்தது. விறகும் கங்கும் தேக்சாவின், அதாவது பிரியாணி வேகும் பெரிய பாத்திரத்தின், அடி முழுக்கப் பரவிச் சூடேற்றும். பர்னர் வளையம் போல எரியும், அந்த வளையத்துக்கு மேலே மட்டும் அடிபிடிக்கும், ஓரத்தில் சாதம் விறைத்தே கிடக்கும். நல்ல கடைகள் தேக்சாவுக்கு அடியில் கனமான தோசைக்கல் ஒன்றை வைத்துத் தம் போடுகின்றன. வைக்காத கடையின் பிரியாணியில் லேசான தீய்ந்த வாடை சாதம் முழுக்க ஏறியிருக்கும். அதைப் புகை வாசம் என்று நினைத்துப் பாராட்டுகிறவர்களும் உண்டு.

தேக்சா திறப்பதை ஒரு முறை கவனித்துப் பார்த்தால் கடையின் தரம் பாதி தெரிந்துவிடும். சாம்பல் பூத்த கங்கைத் தகரத்தால் வழித்து எடுத்துவிட்டு, மூடியை ஒரு பக்கமாகச் சரித்துத் தூக்குவார்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் ஆவித் தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்துவிட வேண்டும், சாதத்தில் சொட்டக் கூடாது. அடுத்து கரண்டி வராது. ஒரு சாசரையோ சின்னத் தட்டையோ ஓரமாகச் செங்குத்தாகச் செருகி, அடிவரை இறக்கி, மசாலாவோடு புரட்டி மேலே கொண்டுவருவார்கள். வெள்ளைப் பருக்கை, செம்பருக்கை, கறி என்று மூன்றும் அந்த ஒரே வீச்சில் தட்டுக்கு வரும். கரண்டியைப் போட்டுக் கிண்டினால் சம்பா உடைந்து பொங்கலாகிவிடும். எந்தக் கடையில் கரண்டிச் சத்தம் கேட்கிறதோ அங்கே குஸ்காகூட வேண்டாம்.

திறந்த நிமிடத்திலிருந்து தேக்சாவுக்கு வயதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் மூடி திறக்க, மேல்சாதம் உலர்ந்துகொண்டே போகும். அடியில் இருப்பது சூட்டில் வெந்துகொண்டே, மேலே உள்ள கனத்தில் நசுங்கிக்கொண்டே இருக்கும். முதல் அரை மணி நேரம் உன்னதம், ஒரு மணி நேரம் வரை நன்று, இரண்டு மணி நேரம் தாண்டினால் மேலே விறைத்த சாதம், கீழே களி. இதனால்தான் நாற்பது கிலோ தேக்சா ஒன்றைக் காலையில் ஏற்றி மாலை வரை ஓட்டுகிற பெரிய கடையைவிட, முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றாக ஐந்து கிலோ தேக்சா இறக்குகிற சின்னக் கடை மேல். பொதுவாக மத்தியானத்துக்கான முதல் தேக்சா பதினொன்றரையை ஒட்டித் திறக்கும். ஒன்றரை மணிக்குப் போகிறவர், "பாய், அடுத்த தேக்சா எப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். "பத்து நிமிஷம், உக்காருங்கண்ணே" என்று பதில் வந்தால் உட்காரலாம். "இருக்கறத சாப்பிடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றால் டீ குடித்துவிட்டு நடையைக் கட்டலாம்.

நேரம் பிந்திவிட்டது, வேறு வழியில்லை என்றால் சிக்கனைக் கேட்காமல் மட்டனைக் கேட்பது நல்லது. கோழி மார்புக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, சூடான தேக்சாவுக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தால் பஞ்சாகிவிடும். ஆட்டுத் தொடை, நெஞ்செலும்புப் பகுதிகளில் ஜவ்வும் கொழுப்பும் இருப்பதால் அதே சூட்டில் அவை இன்னும் இளகும்.

புதிய கடையைச் சோதிக்க, தட்டு நிறையக் கறி வாங்கத் தேவையில்லை. குஸ்கா ஒன்று போதும். கறித்துண்டு இல்லாமல் அதே தேக்சாவிலிருந்து அள்ளித் தருகிற சாதம்தான் குஸ்கா, அதில் கறியின் சாறும் கொழுப்பும் ஏறியிருக்க வேண்டும். சாதம் சப்பென்று, மேலே மட்டும் மசாலா பூசியது போல இருந்தால், அரிசியைத் தனியாகவும் கறியைக் குக்கரில் தனியாகவும் வேகவைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கறியைப் பிய்த்துப் பார்த்தாலும் தெரியும். தம்மில் வெந்த துண்டில் எலும்போரம் வரை செம்மை இறங்கியிருக்கும், நார் பிரிந்தாலும் ஈரம் இருக்கும். குக்கர் துண்டு வெளியே சிவப்பு, உள்ளே சாம்பல் நிறம், நூல் நூலாக வரும்.

கூட வரும் எண்ணெய்க் கத்திரிக்காயைச் சம்பிரதாயத்துக்கு வைப்பதாக நினைத்துத் தள்ளி வைப்பவர்கள் பாதிப் பிரியாணியைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆட்டுக் கொழுப்பு நாக்கில் படிந்துவிட்டால் ஐந்தாறு வாய்க்குமேல் எந்தச் சுவையும் தெரியாது. அதை அறுத்துவிட ஒரு புளிப்பு வேண்டும், தயிர் வெங்காயம் தருகிற புளிப்பு மட்டும் போதாது. கத்திரிக்காயை எண்ணெயில் தோல் சுருங்க வதக்கி, புளிக்கரைசலும் வறுத்த எள், வேர்க்கடலைப் பொடியும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுண்டவைக்க வேண்டும். நம்மூர் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் இதற்கென்றே விளைந்தது போல, தோல் மெல்லியது, சதை வெண்ணெய். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகள் செய்கிற தவறு இரண்டு. புளிக்குப் பதில் தக்காளியை அள்ளிப் போடுவது முதலாவது, அது இனிப்பைக் கூட்டி ஒரு மாதிரி ஜாம் ஆக்கிவிடும். மற்றது, ஒன்றரை மணிக்குத் தீர்ந்துபோகும் நிலையில் வெந்நீர் ஊற்றி நீட்டுவது. தட்டில் கத்திரிக்காய் ஓடினால் நீட்டிய சரக்கு. தயிர் வெங்காயத்திலும் இதே கதைதான். உப்பை முன்கூட்டியே போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு, மூன்று மணிக்கு மோராகிவிடும்.

இனி, சென்னையில் ஏமாறுவது எப்படி என்று பார்ப்போம். வேலூரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் கிழக்கே போனால் தெருவுக்கு ஒரு "ஆம்பூர் பிரியாணி" போர்டு. ஆம்பூரில் 1890 முதல் நடப்பதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி இருக்கிறது, அதன் புகழில் ஊர்ப்பெயரே ஒரு சரக்காகிவிட்டது. போர்டை நம்பாமல் தட்டைப் பார்க்க வேண்டும். நீளமான பாசுமதி வந்தால் அது ஆம்பூர் இல்லை. பாசுமதி மட்டம் என்று சொல்லவில்லை, அதன் சமையலே வேறு. ஆனால் பெரிய நகரத்துக் கடை பாசுமதிக்கு மாறுவதற்குக் காரணம் ருசி அல்ல. நாலு மணி நேரம் தேக்சாவில் கிடந்தாலும் அது குழையாது, பார்சல் டப்பாவில் பொலபொலவென்று நிறைந்து நிற்கும். சம்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தால் அது மிளகாய் தந்த நிறம் இல்லை. மிளகாய் விழுதின் செம்மை மங்கலாக, எண்ணெயோடு கலந்து சீரில்லாமல் இருக்கும். கலர்ப்பவுடர் ஒவ்வொரு பருக்கையிலும் ஒரே மாதிரி ஏறி, கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் நிற்கும். பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதி இடம் தரவில்லை, இருந்தும் ஆரஞ்சு தொடர்கிறது, வாடிக்கையாளர் கண்ணுக்கு அது பழகிவிட்டதால்.

பார்சல் தனித் தொல்லை. சுடச்சுட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி வெளியேற வழியில்லை, மூடியில் தண்ணீராகக் கோத்துத் திரும்பச் சாதத்தில் விழும். இருபது நிமிடத்தில் சம்பா நசநசத்துவிடும். வாழை இலையில் வைத்துப் பேப்பரில் மடிக்கச் சொன்னால் இலையும் பேப்பரும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாதான் உண்டு என்றால் மூடியை ஒரு மூலையில் நெகிழ்த்தி வைப்பது நல்லது. ஆம்பூரில் வாங்கிக்கொண்டு சென்னைக்குக் காரில் கொண்டுபோவது பலருக்கு ஆசை. 180 கிலோமீட்டருக்கு மேல், போக்குவரத்தோடு மூன்றரை நான்கு மணி நேரம் ஆகும். இளஞ்சூட்டில் அத்தனை நேரம் கிடக்கும் சாதத்தில் கிருமி பெருகும், திரும்பச் சூடுபண்ணினாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட முடியாத தூரத்துக்கு வாங்காமல் இருப்பதே உத்தமம்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கணக்கே மாறுகிறது. காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வங்க எழுத்துப் போர்டுகள் தமிழுக்குச் சமமாகத் தொங்குகின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் என்று வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். அவர்களுக்காக மசூர் பருப்பும் உருளைக்கிழங்கு-கசகசாவும் ரோகு மீன் குழம்பும் போடுகிற மெஸ்கள் அங்கே நிறைய. அந்த மெஸ்ஸில் சாம்பார் கேட்கிற தமிழனும், நம்ம சைவ ஹோட்டலில் மீன் குழம்பு தேடுகிற வங்காளியும் ஒரே மாதிரி ஏமாறுகிறார்கள். ஒரு சமையல்கட்டு யாருக்காக தினமும் உலை வைக்கிறதோ, அவர்கள் சாப்பிடுவதைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே சாம்பார் மெனுவில் இருக்கும், அது ஒப்புக்கு வைத்தது.

ரோகுவிலும் பார்க்க விஷயம் இருக்கிறது. மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் முதலில் பொரித்துவிட்டுத்தான் குழம்பில் போடுவார்கள். கடுகெண்ணெயை லேசாகப் புகையும் வரை காய்ச்சாவிட்டால் மூக்கில் ஏறுகிற பச்சைக் காரம் குழம்பில் நிற்கும். நமக்குப் பழக்கமில்லாத வாசனை என்று நினைத்து அதைப் பொறுத்துக்கொள்கிறோம், அது உண்மையில் அவசரச் சமையல். வங்காளிக் கிழவி ஒருத்தி பக்கத்து மேசையில் முகம் சுளித்தால் அன்றைக்கு எண்ணெய் காயவில்லை என்று புரிந்துகொள்ளலாம். முதுகுப்பக்கம் பிரிமுள் அதிகம், வயிற்றுப்பக்கத் துண்டு கேட்டு வாங்கினால் பழகாதவர்க்குச் சௌகரியம்.

மீன் என்று வந்ததால் இன்னொன்று. வேலூரில் வஞ்சிரம், வவ்வால் என்று கேட்டு ஏமாறுகிறவர்கள் ஊரின் இருப்பிடத்தை மறந்துவிடுகிறார்கள். கடல் இங்கிருந்து மூன்று மணி நேரம். ஐஸில் பயணம் செய்த மீனைப் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே தண்ணீர். ஏரி, அணை மீனான கட்லா, ஜிலேபி கிடைக்கிற கடையில் அதைக் கேட்பதே புத்தி.

காலை டிபனுக்கு வேலூர் வெயில்தான் எதிரி. பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மாவு ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் அதே மாவுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். வருஷம் முழுக்க மாலை நாலு மணிக்கே மாவாட்டுகிற ஹோட்டலில் மே மாத இட்லி புளிப்பது அதனால்தான். அந்தப் புளிப்பை மறைக்க சோடா உப்புப் போட்டால் இட்லி மஞ்சள் பாய்ந்து, வாயில் சோப்பு மாதிரி ஒரு பின்சுவை விடும். கோடையில் காலை ஏழு, ஏழரைக்குள் இட்லி சாப்பிடுவது நல்லது, பத்து மணிக்குமேல் அதே மாவு தோசைக்குத்தான் லாயக்கு. சாம்பாரில் பருப்பு மசியாமல் திப்பித் திப்பியாக நின்றால் சமையல்காரரைத் திட்டுவதற்குமுன் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் பல கடைகளுக்கு போர்த் தண்ணீர்தான் கதி. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து துவரம்பருப்பை எளிதில் வேகவிடாது. பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் வைக்கிற கடையின் சாம்பார் தனியாகத் தெரியும்.

விடியலில் பாய் கடைப் பாயா. ஆட்டுக்காலை இரவெல்லாம் சிறுதீயில் வேகவிட்டு, காலை ஆறு மணிக்கு இறக்குவார்கள். எலும்பின் பசை சாறில் இறங்கி, உதட்டில் லேசாக ஒட்ட வேண்டும். எட்டரை வரைக்கும் அந்த ஒட்டல் இருக்கும். அப்புறம் வாடிக்கை குறையாது, பாத்திரமும் குறையாது, உள்ளே போவது வெந்நீர். ஒன்பதரைக்குப் பாயா கேட்பவருக்கு மிளகுத் தண்ணீர்தான் கிடைக்கும். இடியாப்பத்தில் ஊற்றிய உடனே அடியில் ஓடிவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

நேரத்தோடு மாசத்தையும் பார்க்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் கூட்டத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், உண்மையில் அன்றைக்குத்தான் தேக்சா வேகமாகக் காலியாகும், பழசு தங்காது. பயப்பட வேண்டியது புரட்டாசிச் சனிக்கிழமை. பாதி ஊர் கறியைத் தொடாது, கடைக்காரர் வழக்கமான அளவில் பாதி போட்டாலும் அதுவே மாலை வரை நிற்கும். ரமலான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பகலில் பல கடைகள் அடுப்பே மூட்டுவதில்லை. நோன்பு திறந்த பிறகுதான் தேக்சா இறங்கும், அது மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்து கூட்டம் வருகிற கணக்கில் போட்டது. அந்த மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் இறங்கி, திறந்திருக்கிற ஏதோ ஒரு கடையில் ஆம்பூர் பிரியாணி கேட்டால் முந்தின ராத்திரிச் சரக்கு வரக்கூடும். மாலை ஆறரைக்குப் போனால் வாசலில் நோன்புக் கஞ்சி வாளி இருக்கும், உள்ளே மூடி மேல் கங்கு இன்னும் சிவந்திருக்கும்.